ரோல்ஸ் பெட்டியின் மேல் என்ன எழுதுவது? கையடக்க லேபல் பிறிண்டரும் எங்கள் சமையலும்

தமிழ்ப் பாடசாலைக் கலைவிழா, கோயில் திருவிழா, விளையாட்டுப் போட்டி, கலியாண வீடு, செத்தவீடு என்று புலம்பெயர்ந்த மண்ணில் நாங்கள் ஒன்றுகூடும் இடமெல்லாம் சாப்பாட்டுப் பொதிகள் வந்து சேர்கின்றன. ரோல்ஸ், பற்றிஸ், வடை, மோதகம், எள்ளுருண்டை, இடியப்பப் பார்சல் எல்லாம் அநேகமாக யாரோ ஒருவருடைய வீட்டுக் குசினியில் விடியக் காலையில் எழும்பிச் செய்தவையாக இருக்கும். முன்னர் பெட்டியின் மேல் "மரக்கறி", "மச்சம்" என்று பேனையால் எழுதிவிட்டால் வேலை முடிந்தது. சாப்பிடுபவருக்குத் தெரியவேண்டியதும் அவ்வளவுதான்.

இன்று அது போதாது. எங்கள் பிள்ளைகளிடையே கச்சான், எள்ளு, முட்டை, பால் போன்றவற்றுக்கு ஒவ்வாமை உள்ளவர்கள் இருக்கிறார்கள். அவர்களுடன் படிக்கும் வேற்றினப் பிள்ளைகளும் எங்கள் விழாக்களுக்கு வந்து, எங்கள் பலகாரத்தை ஆசையோடு வாங்கிச் சாப்பிடுகிறார்கள். பெட்டியின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்பது சிலருக்கு உயிர் சம்பந்தப்பட்ட விடயம்.

இதற்காகவே வீட்டிலிருந்து சமைத்து விற்பவர்களும் பாடசாலை நிர்வாகக் குழுக்களும் கையில் அடங்கும் லேபல் பிறிண்டர்களை வாங்கத் தொடங்கியிருக்கிறார்கள். அதை எப்படித் தெரிவு செய்வது, எப்படி இயக்குவது, தமிழில் எப்படி அச்சிடுவது, மக்கர் பண்ணினால் என்ன செய்வது என்பவற்றை இங்கே பார்ப்போம்.

சட்டம் என்ன சொல்கிறது

2016 இல் லண்டனிலிருந்து பிரான்சுக்குப் பயணம் செய்த நடாஷா எட்னன்-லாப்ரூஸ் என்ற 15 வயதுச் சிறுமி, விமான நிலையத்தில் வாங்கிய பாண் ஒன்றைச் சாப்பிட்டு உயிரிழந்தாள். பாணின் மாவுக்குள் எள்ளு சேர்க்கப்பட்டிருந்தது. அவளுக்கு எள்ளு ஒவ்வாது. பொதியில் எள்ளு என்று எழுதியிருக்கவில்லை. அப்போதைய விதிப்படி, விற்கும் கடையிலேயே பொதி செய்யப்பட்ட உணவில் அதை எழுதவேண்டிய கட்டாயமும் இருக்கவில்லை. அவளுடைய பெற்றோரின் இடைவிடாத முயற்சியால் சட்டம் மாறியது. 2021 ஒக்டோபர் 1 முதல், விற்கும் இடத்திலேயே முன்கூட்டிப் பொதி செய்து வைக்கும் உணவுகளில் உணவின் பெயரும் முழுமையான சேர்மானப் பட்டியலும் இருக்கவேண்டும் என்பது பிரித்தானியாவில் சட்டம். அந்தப் பட்டியலில் ஒவ்வாமைப் பொருட்கள் தனித்துத் தெரியவேண்டும்.

பிரித்தானியாவிலும் ஐரோப்பிய ஒன்றியத்திலும் 14 ஒவ்வாமைப் பொருட்கள் பட்டியலிடப்பட்டிருக்கின்றன: குளூட்டன் உள்ள தானியங்கள், இறால் நண்டு வகை, கணவாய் மட்டி வகை, மீன், முட்டை, பால், கச்சான், மரமுந்திரிகை பாதாம் போன்ற கொட்டைகள், சோயா, எள்ளு, கடுகு, செலரி, லூப்பின், சல்பைற்று. கனடாவின் பட்டியலிலும் எள்ளும் கடுகும் உண்டு. அமெரிக்காவில் 2023 ஜனவரி முதல் எள்ளு சேர்க்கப்பட்டிருக்கிறது. ஆனால் கடுகு இல்லை. ஆகவே நீங்கள் வாழும் நாட்டின் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டே தொடங்குங்கள்.

வீட்டிலிருந்து ஒழுங்காக விற்பவர்கள் பிரித்தானியாவில் தொழில் தொடங்குவதற்கு 28 நாட்களுக்கு முன்னர் உள்ளூராட்சிச் சபையில் பதியவேண்டும். அதற்குக் கட்டணம் இல்லை. தொலைபேசியிலோ வாட்சப்பிலோ ஓடர் எடுப்பவர்கள், ஓடர் எடுக்கும்போதும் சாப்பாட்டைக் கொடுக்கும்போதும் ஒவ்வாமை விபரத்தைத் தெரிவிக்கவேண்டும். வேறொருவருடைய கடையில் வைத்து விற்பதானால் முகவரி, நிறை, திகதி போன்ற மேலதிக விபரங்களும் தேவைப்படும்.

பிறிண்டரைத் தொடுவதற்கு முன்

பேனையால் கிறுக்கிய துண்டைப் பார்ப்பவர் சந்தேகப்பட்டு, "இதற்குள் என்ன போட்டிருக்கிறீர்கள்?" என்று கேட்பார். நேர்த்தியாக அச்சிட்ட லேபலைப் பார்ப்பவர் கேட்கமாட்டார், நம்பிச் சாப்பிடுவார். அதனால் பிழையான அச்சு லேபல், லேபலே இல்லாததைவிட ஆபத்தானது. சரியான பட்டியல் குசினியில்தான் தயாராகவேண்டும்.

எங்கள் சமையலில் ஒவ்வாமைப் பொருட்கள் பல வேறு பெயர்களுக்குள் ஒளிந்திருக்கின்றன. நல்லெண்ணெய் என்பது எள்ளெண்ணெய். கூட்டுப் பெருங்காயத்தில் அநேகமாகக் கோதுமை மா கலந்திருக்கும். மோர் மிளகாயில் பால் இருக்கிறது. சம்பலில் போடும் மாசி, மீன். தாளிதத்தில் கடுகு. கறிக்குள் கரைத்துவிடும் சுவையூட்டிக் கட்டிகள் பலவற்றில் செலரி. உலர்ந்த பழங்களிலும் சில உலர் தேங்காய்ப்பூ வகைகளிலும் சல்பைற்று. ஒடியற் கூழில் மீன், இறால், நண்டு, கணவாய் எல்லாமே சேர்ந்துவிடும்.

"அரிசிமாப் புட்டு" என்று எழுதிவிட்டு, பதத்துக்காக அவித்த கோதுமை மாவும் கலந்திருந்தால் அது பிழையான லேபல். இடியப்பத்துக்கும் இதே கதைதான். வெறுமனே "மா" என்று எழுதாமல் எந்த மா என்று எழுதுங்கள்.

தமிழிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் கடலை என்றால் கொண்டைக்கடலை. தமிழகத்தவர் பலருக்குக் கடலை என்றால் கச்சான். கடலை எண்ணெய் என்றால் கச்சான் எண்ணெய். எங்கள் விழாக்களில் இரு தரப்பாரும் இருப்பார்கள். எனவே "கச்சான் (நிலக்கடலை)", "கொண்டைக்கடலை" என்று ஐயத்துக்கு இடமில்லாமல் எழுதுவது நல்லது.

கடையில் வாங்கிய சோஸ், மசாலாத்தூள், மாஜரின், பாண்தூள் ஆகியவற்றின் பொதிகளை எறியவேண்டாம். அவற்றில் உள்ள சேர்மானங்களும் உங்கள் பட்டியலில் வரவேண்டும். வேறு நிறுவனத்தின் தூளை வாங்கினால் பட்டியலும் மாறக்கூடும்.

எந்த வகை பிறிண்டர்

சிறிய லேபல் பிறிண்டர்களில் பெரும்பாலானவை மையில்லாமல் வெப்பத்தால் அச்சிடுபவை. கடைப் பற்றுச்சீட்டு அச்சாகும் அதே முறைதான். தாளின் மேல் வெப்பம் பட்டால் கறுக்கும் பூச்சு இருக்கும். அச்சுத்தலையில் உள்ள நுண்ணிய புள்ளிகள் சூடேறி எழுத்தை உருவாக்கும். செலவு குறைவு. ஆனால் வெயில், சூடு, எண்ணெய் பட்டால் எழுத்து மங்கும், அல்லது தாள் முழுதும் கறுக்கும். சில நாட்களில் சாப்பிட்டு முடிக்கும் உணவுக்கு இது போதும்.

மற்றைய வகை, மை நாடாவைச் சூடாக்கி எழுத்தை லேபலில் ஒட்டவைப்பது. மேலே பிளாஸ்ரிக் படலம் உள்ள நாடாக்களும் இந்த வகையே. இவை நீண்டகாலம் மங்காது. தூள்ப் போத்தல், ஆவணக் கோப்பு போன்றவற்றுக்கு ஏற்றவை. ஆனால் அகலம் குறைந்த நாடாவில் சேர்மானப் பட்டியல் அடங்காது.

உணவு லேபலுக்குக் குறைந்தது 50 மில்லிமீற்றர் அகலம் அச்சிடக்கூடியதைப் பாருங்கள். வாங்குமுன் மூன்று விடயங்களை விசாரியுங்கள். முதலாவது, வேறு நிறுவனத்தின் லேபல் சுருளை ஏற்குமா? சில பிறிண்டர்கள் சுருளில் உள்ள சிப்பைப் படித்து, தங்கள் சுருளை மட்டுமே ஏற்கும். இரண்டாவது, செயலிக்கு மாதச் சந்தா உண்டா? மூன்றாவது, கைபேசியிலுள்ள படத்தை அச்சிட முடியுமா? தமிழுக்கு இது மிக முக்கியம்.

முதல்முறை இயக்குதல்

1. பற்றரியை முழுதாகச் சார்ஜ் பண்ணுங்கள். சார்ஜ் குறைந்தால் அச்சு மங்கும்.

2. மூடியைத் திறந்து சுருளை வையுங்கள். எந்தப் பக்கம் அச்சாகும் என்பதை அறிய, லேபலை நகத்தால் அழுத்திக் கீறுங்கள். கறுப்புக் கோடு விழும் பக்கமே அச்சுப் பக்கம். அது அச்சுத்தலையை நோக்கி இருக்கவேண்டும்.

3. சுருளின் இரு பக்கத் தடுப்புகளையும் லேபலோடு மட்டாகச் சேருங்கள். லேபலை இறுக்கவும் கூடாது, ஆடவும் விடக்கூடாது. மூடியை இரு பக்கமும் சொடுக்குச் சத்தம் கேட்கும்வரை அழுத்துங்கள்.

4. நிறுவனத்தின் செயலியைக் கைபேசியில் நிறுவி, பெரும்பாலான பிறிண்டர்களை அந்தச் செயலிக்குள்ளிருந்தே புளூரூத்தில் இணையுங்கள். அன்ரொயிட் 12 அல்லது அதற்குப் பிந்திய கைபேசி "அருகிலுள்ள சாதனங்கள்" என்ற அனுமதியைக் கேட்கும். அதற்கு முந்தியவற்றில் இருப்பிட அனுமதி கொடுத்தால்தான் பிறிண்டர் தென்படும்.

5. கையில் உள்ள லேபலின் அளவைச் செயலியில் அப்படியே கொடுங்கள். இடைவெளி உள்ள லேபலா, தொடர்தாளா என்பதையும் தெரிவு செய்யுங்கள்.

6. இடைவெளியை பிறிண்டர் கண்டுபிடிக்கவேண்டும். பல பிறிண்டர்களில் தாள் நகர்த்தும் பொத்தானைச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்தால் ஓரிரு லேபல்களை வெளியே தள்ளித் தானே அளந்துகொள்ளும்.

7. ஒன்றே ஒன்றை அச்சிட்டுப் பாருங்கள். சரியென்றால் மட்டும் மிகுதியை அச்சிடுங்கள்.

தமிழ் எழுத்துச் சிதைந்தால்

எங்கள் ஆட்கள் பலரும் கைவிடுவது இந்த இடத்தில்தான். செயலியில் தமிழ் எழுத்துரு இல்லாவிட்டால் வெறும் பெட்டிகள் வரும். எழுத்துரு இருந்தும் செயலிக்கு எழுத்துகளைச் சேர்க்கத் தெரியாவிட்டால், ஒற்றைக்கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். "கொத்து" என்ற சொல் துண்டு துண்டாகிவிடும். பழைய பாமினி எழுத்துருவில் தட்டிய பட்டியலை ஒட்டினால் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாக வரும். அதை முதலில் யுனிகோட்டுக்கு மாற்றவேண்டும்.

எல்லாவற்றுக்கும் பொதுவான தீர்வு, லேபலைப் படமாகத் தயாரிப்பது. தமிழ் சரியாக வரும் ஏதாவதொரு வடிவமைப்புச் செயலியில் எழுதி, படமாகச் சேமித்து, பிறிண்டர் செயலியில் படம் என்ற இடத்தில் சேர்த்து அச்சிடுங்கள். அச்சுத்தலைக்குப் படத்திலுள்ள கறுப்புப் புள்ளிகள் மட்டுமே தெரியும். எந்த மொழியாக இருந்தாலும் அதற்கு ஒன்றுதான்.

படத்தின் அளவு முக்கியம். இவ்வகை பிறிண்டர்கள் பலவும் அங்குலத்துக்கு 203 புள்ளிகள், அதாவது மில்லிமீற்றருக்கு 8 புள்ளிகள் அச்சிடுபவை. 50 × 30 மில்லிமீற்றர் லேபலுக்கு 400 × 240 புள்ளிகளில் படத்தை அமையுங்கள். வெள்ளையில் முழுக் கறுப்பாக இருக்கட்டும். சாம்பல் நிறம் பொட்டுப் பொட்டாக உடையும். படத்தை வாட்சப்பில் இன்னொருவருக்கு அனுப்பும்போது ஆவணமாக அனுப்புங்கள். சாதாரணப் படமாக அனுப்பினால் அது சுருங்கி எழுத்தின் விளிம்பு கலங்கும்.

ஐரோப்பிய விதிப்படி கட்டாய விபரங்களின் சிறிய எழுத்து குறைந்தது 1.2 மில்லிமீற்றர் உயரம் இருக்கவேண்டும். மிகச் சிறிய பொதிகளுக்கு 0.9. 1.2 மில்லிமீற்றருக்குள் சுமார் 10 புள்ளிகளே உண்டு. இலத்தீன் எழுத்து அதில் தப்பிவிடும். ஆனால் ண, ணை, ஞ, ஐ போன்றவற்றின் சுழிகள் அடைபட்டுப்போகும். தமிழுக்கு 3 மில்லிமீற்றர் கொடுங்கள். வயதானவர்களும் கண்ணாடி தேடாமல் வாசிப்பார்கள்.

மொழி விடயத்தில், நாட்டின் மொழியில் உள்ள பட்டியலே சட்டத்தை நிறைவேற்றும். தமிழ் அதனோடு சேர்ந்து வரட்டும். அம்மம்மாவுக்கு டொச்சோ பிரெஞ்சோ வாசிக்கத் தெரியாது. பேரனுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாமல் இருக்கலாம். பேரனுக்கு எது ஒவ்வாது என்பதை இரண்டு பேரும் வாசிக்கவேண்டும். இரண்டு மொழிக்கும் 50 × 30 போதாது. 50 × 80 அளவையோ தொடர்தாளையோ வாங்குங்கள். ஆங்கிலத்தில் ஒவ்வாமைப் பொருளைப் பெரிய எழுத்தில் எழுதுவார்கள். தமிழில் பெரிய எழுத்து இல்லாததால் தடித்த எழுத்தையோ அடிக்கோட்டையோ பயன்படுத்துங்கள்.

பிறிண்டர் மக்கர் பண்ணினால்

*லேபல் வெறுமையாக வருகிறது.* சுருள் மறுபக்கமாக இருக்கிறது, அல்லது அது வெப்பத்தாள் அல்ல. நகத்தால் கீறிப் பாருங்கள்.

*அச்சு மங்கலாக இருக்கிறது.* பற்றரியைப் பாருங்கள். பிறகு செயலியில் அச்சின் அடர்த்தியை ஒரு படி கூட்டுங்கள். அப்படியும் மங்கினால் அச்சுத்தலையைத் துடைக்கவேண்டும். பிறிண்டரை நிறுத்தி, சூடு ஆறியபின், ஐசோபுரோப்பைல் அல்ககோலில் நனைத்த பஞ்சுக் குச்சியால் மெல்லத் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகே மூடுங்கள். கத்தி, ஊசி எதுவும் அச்சுத்தலையில் படக்கூடாது.

*எழுத்து தடித்துச் சுழிகள் அடைபடுகின்றன.* அடர்த்தி கூடிவிட்டது. ஒரு படி குறையுங்கள்.

*தாள் நகரும் திசையில் ஒரு வெள்ளைக் கோடு.* அச்சுத்தலையில் அழுக்கு அல்லது பசை. துடைத்தும் போகாவிட்டால் அந்த இடத்துப் புள்ளி எரிந்துவிட்டது. கோடு விழும் இடத்தில் சொற்கள் வராதபடி அமைத்துச் சமாளிக்கலாம். ஆனால் ஒரு சொல்லின் பாதியை அது அழித்தால் அந்த பிறிண்டரை உணவு லேபலுக்குப் பாவிக்கவேண்டாம்.

*எழுத்து அடுத்த லேபலுக்கு வழுவிப் போகிறது, அல்லது இடையிடையே வெற்று லேபல் வருகிறது.* செயலியில் கொடுத்த அளவும் சுருளின் அளவும் பொருந்தவில்லை. அளவைத் திருத்தி, பொத்தானை அழுத்தி மீண்டும் அளக்கவிடுங்கள்.

*கைபேசிக்கு பிறிண்டர் தென்படவில்லை.* பல பிறிண்டர்கள் ஒரு நேரத்தில் ஒரு கைபேசியோடுதான் இணையும். வீட்டில் வேறொருவருடைய கைபேசி அதைப் பிடித்துவைத்திருக்கிறதா என்று பாருங்கள். அனுமதிகளைச் சரிபாருங்கள். கைபேசியின் புளூரூத் பட்டியலில் பிறிண்டர் ஏற்கனவே இருந்தால் அதை நீக்கி, பிறிண்டரை நிறுத்தி மீண்டும் இயக்கி, செயலிக்குள்ளிருந்து இணையுங்கள்.

*லேபல் உள்ளே சிக்கிவிட்டது.* நிறுத்திவிட்டு மூடியைத் திறந்து கையால் மெல்ல எடுங்கள். ரப்பர் உருளையில் பசை இருந்தால் அதே அல்ககோலால் துடைக்கலாம்.

*பாதியில் நின்றுவிடுகிறது.* நிறைய லேபல்களைத் தொடர்ந்து அச்சிட்டால் அச்சுத்தலை சூடேறி, ஆறும்வரை தானே நிற்கும். பழுதாகிவிட்டது என்று எண்ணவேண்டாம். இருபது இருபதாக அச்சிடுங்கள்.

ஒட்டும்போது

சூடான பெட்டியில் ஒட்டினால் வெப்பத்தாள் கறுத்துவிடும். உணவு ஆறிய பின் ஒட்டுங்கள். சூடாகவே கொடுக்கவேண்டுமானால் வெளிப்பையில் ஒட்டுங்கள். ரோல்ஸ் எண்ணெய் கையில் இருக்கும்போது லேபலைத் தொடவேண்டாம். குளிர்ப்பெட்டிக்குப் போகும் பெட்டியில், உள்ளே வைப்பதற்கு முன்னரே, ஈரமில்லாத இடத்தில் ஒட்டவேண்டும். வேர்த்த பெட்டியில் ஒட்டினால் விழுந்துவிடும். யார் பெட்டியில் இருந்த லேபல் என்று பிறகு தெரியாது. உறைகுளிருக்கு அதற்கென்ற பசையுள்ள சுருள் கிடைக்கிறது.

மூடியில் மட்டும் ஒட்டினால் மூடிகள் மாறும்போது லேபலும் மாறும். பெட்டியின் உடலில் ஒட்டுங்கள். வெப்பத்தாளின் பூச்சில் இரசாயனங்கள் இருப்பதால் லேபல் உணவில் நேரடியாகப் படக்கூடாது. வெப்பத்தாளில் பிஸ்பினோல் ஏ என்ற பொருளின் அளவை ஐரோப்பிய ஒன்றியம் 2020 ஜனவரி முதல் கட்டுப்படுத்தியிருக்கிறது. ஆனால் வாங்கும் சுருள் எங்கிருந்து வருகிறது என்பது எப்போதும் தெரிவதில்லை.

பழைய லேபல் என்ற ஆபத்து

செயலியில் ஒருமுறை சேமித்த லேபலை மறுபடியும் மறுபடியும் அச்சிடலாம். வசதியும் அதுதான், அபாயமும் அதுதான். போனமுறை சோள எண்ணெயில் பொரித்தவர் இந்தமுறை வேறு எண்ணெய் வாங்கியிருப்பார். மரக்கறி ரோல்ஸின் லேபலை எடுத்துப் பெயரை மட்டும் மாற்றி மீன் ரோல்ஸுக்கு அச்சிட்டிருப்பார். எனவே ஒவ்வொரு சமையலுக்கும் பட்டியலைப் புதிதாகச் சரிபாருங்கள். சமைத்தவர் பொதிகளைப் பார்த்து வாய்விட்டு வாசிக்க, தட்டியவர் முதல் லேபலில் ஒவ்வொன்றாகக் கோடிட்டால் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். மிஞ்சிய பழைய லேபல்களை அடுத்தமுறைக்கென்று வைத்திருக்காமல் கிழித்தெறியுங்கள்.

மருந்துக்கும் இது பொருந்தும். வயதான பெற்றோரின் மாத்திரைப் பெட்டியில் "காலை, சாப்பாட்டுக்கு முன்" என்று தமிழில் ஒட்டிக்கொடுப்பது அவர்களுக்குப் பெரிய உதவி. ஆனால் மருந்தகம் ஒட்டிய லேபலை அது மறைக்கக்கூடாது. வைத்தியர் அளவை மாற்றிய அன்றே தமிழ் லேபலும் மாறவேண்டும்.

அடுத்த கலைவிழாவுக்கு முன் இதைச் செய்து பாருங்கள். சாப்பாடு கொண்டுவரும் ஒவ்வொருவரிடமும் சேர்மானப் பட்டியலை இரண்டு நாட்களுக்கு முன் கேட்டு வாங்குங்கள். ஒருவர் பிறிண்டரோடு இருந்து எல்லாருக்கும் அச்சிட்டுக் கொடுக்கலாம். ஒரு பாடசாலைக்கு ஒரு பிறிண்டர் போதும். பட்டியல் வராத பெட்டியை மேசையில் வைக்கவேண்டாம். கொண்டுவந்தவர் கொஞ்சம் மனம் சுழிப்பார்தான். காரணத்தைச் சொன்னால் அடுத்தமுறை அவரே பட்டியலோடு வருவார்.